நெட்டையைக் கூப்பிடுகிறார்கள்

மார்ச் 3

அண்ணி,

நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. என் பேச்சில் அண்ணனுடைய இழுவை இருக்கிறதாம், உங்கள் அக்கா சொன்னார். ஒரே வயிற்றில் பிறந்துவிட்டு நான் அதற்கு என்ன செய்யட்டும்? அதனால்தான் எழுதுகிறேன். தாளுக்குக் குரல் கிடையாது, தைரியமாகப் பிரித்துப் படியுங்கள்.

முதலில் நல்ல சேதி. பயிற்சியின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டேன். மே மாதக் கடைசிக்குள் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். தொழிற்சாலை எலக்ட்ரீஷியனா, கட்டுமான எலக்ட்ரீஷியனா என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், ஒன்றில் குறி போட வேண்டும். போட்டுக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்றுவது குதிரைக்கொம்பு. கட்டட வேலையைப் போன வருடம் முழுக்கப் பார்த்துவிட்டேன். இப்போது தொழிற்சாலைப் பயிற்சி நடக்கிறது. எந்தத் தொழிற்சாலை என்று கேட்பீர்கள். அதேதான், அண்ணன் இருந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் வேறு இடம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீங்களும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

இங்கே எனக்குப் பெயர் குட்டை. அண்ணனை நெட்டை என்று கூப்பிட்டவர்கள் என்னை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். எழுதிவிடுகிறேன். இங்கே உள்ள பெரிய இயந்திரம் ஒரு சின்னத் தெரு நீளம் இருக்கும். சுவிட்ச் போடுகிற இடத்தில் நின்றால், மறுமுனையில் உருளைகளுக்கு அடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியாது. சாதாரணமாக மெயினை அணைத்து அதில் பூட்டுப் போட்டுவிடுவோம். ஆனால் பழுது பார்த்து முடித்து, உருளைகளைக் கொஞ்சம் சுற்றி, நிறுத்தி, மறுபடி சுற்றிப் பார்க்கும் நேரத்தில் பூட்டு இருக்காது. அப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் காவல். ஃபோர்மேன் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். அவரவர் "வெளியே" என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் பச்சைப் பொத்தானை அமுக்குவார்.

இது உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு நடந்ததை இதை வைத்துத்தான் நமக்கு விளக்கினார்கள். அண்ணன் டீ குடிக்க வெளியே வந்ததை, அவனோடு வேலை பார்த்த பாட்டுக்காரர் பார்த்தார். உள்ளேயே விட்டுவிட்ட டெஸ்டரை எடுக்க அவன் திரும்பிப் போனதைப் பார்க்கவில்லை. ஃபோர்மேன் நெட்டை என்று கூப்பிட்டபோது பதில் வராததால், "நெட்டை வெளியேதான்" என்று பாட்டுக்காரரே அவனுக்காகக் குரல் கொடுத்துவிட்டார்.

உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அண்ணி. அவர்கள் இன்னும் அண்ணனைக் கூப்பிடுகிறார்கள்.

மீசை, பாட்டு, குட்டை, கடைசியில் நெட்டை. கூப்பிட்டுவிட்டு அப்படியே நிற்பார்கள். யாரும் பதில் சொல்வதில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துப் பொத்தானை அமுக்குவார்கள். முதல் நாள் அதைக் கேட்டபோது என் கையில் இருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள்
நாத்தனார்

மார்ச் 12

வாண்டு,

உன் கடிதத்தைத் தையல் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். பள்ளிக்கூடச் சட்டைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன, தலைக்கு மேல் வேலை. பாதி படித்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய் நின்றேன். கடைக்காரம்மா வந்து மயக்கமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

உனக்குப் புத்தி எங்கே போயிற்று? ஊரில் வேறு தொழிற்சாலையே இல்லையா? நான் இங்கே என் அக்கா வீட்டு மூலையில் ஒரு மாதிரி என்னை ஒட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ வந்து தையலைப் பிரிக்கிறாய். செத்துப்போன மனுஷனைக் கூப்பிடுவது என்ன பழக்கம்? அதுவும் அந்தப் பாட்டுக்காரன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது? அவன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். வேண்டாம், இதை எழுத ஆரம்பித்தால் நிற்காது.

இதோடு நிறுத்தித் தபாலில் போடத்தான் நினைத்தேன். போடாமல் வைத்திருந்தேன். இனிமேல் எழுதுவது வேறு நாள், மை மாறியிருப்பதைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

அந்த ஃபோர்மேன் எப்படிக் கூப்பிடுகிறார்? உள்ளே இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரியா, கடமைக்கா? ஒரு மூச்சு நேரம் என்று எழுதியிருக்கிறாயே, அப்போது எல்லாரும் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்? தினமும் உண்டா? யாருக்காவது எப்போதாவது ஏதாவது கேட்டதாகச் சொல்கிறார்களா? கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

எழுது. மழுப்பாமல் எழுது.

அண்ணி

மார்ச் 20

அண்ணி,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ஃபோர்மேன் கடமைக்குக் கூப்பிடுவதில்லை. மீசையையும் பாட்டையும் என்னையும் சாதாரணக் குரலில் கூப்பிடுவார். நெட்டை என்னும்போது மட்டும் கொஞ்சம் உரக்க, கையை வாயோரம் குவித்துக்கொண்டு, தூரத்துக்கு எட்டுகிற மாதிரி. எல்லாரும் இயந்திரத்தின் மறுமுனையைப் பார்ப்பார்கள். பாட்டுக்காரர் மட்டும் தரையைப் பார்ப்பார். அவர் இப்போது பாடுவதில்லை, பெயர்தான் மிச்சம். என்னிடம் இதுவரை மூன்று வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

இது எப்படித் தொடங்கியது என்று மீசையிடம் கேட்டேன். அந்த விபத்துக்குப் பிறகு முதல் தடவை இயந்திரத்தை ஓட்டியபோது, ஃபோர்மேன் வாய் தவறி, பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டாராம். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நின்றார்கள். பிறகு ஓட்டினார்கள். மறுநாளும் அதே. இடையில் வேறு ஷிப்ட்டிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பெயரை விட்டுவிட்டுக் கூப்பிட்டார், அன்றைக்கே மோட்டார் புகைந்துவிட்டது. மோட்டார் பேரிங் அதற்கு முன்னாலிருந்தே கத்திக்கொண்டிருந்தது என்று மீசையே சொன்னார். "ஆனா யாருக்கும்மா நெஞ்சுல தைரியம் இருக்கு, அதுக்கப்புறம் பேரை விட?" என்றும் அவரே சொன்னார்.

ஏதாவது கேட்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆனால் கேட்டுவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேனல் கதவைத் திறந்தால் உள்ளே ஒவ்வொரு ஒயர் முனையிலும் சின்னச் சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது. எல்லாம் அண்ணன் கையெழுத்து. 'மேல் உருளை', 'கீழ் உருளை', 'இதைத் தொடாதே'. அந்த 'தொ'வுக்குப் போடும் கொம்பை நீளமாக இழுப்பானே, அதே இழுப்பு. அவன் எழுதியதைப் படித்துப் படித்துத்தான் நான் வேலை பார்க்கிறேன். கட்டடத்தில் இப்படிக் கிடையாது. சுவர் எழும்பியதும் குழாய் பதித்து, அதில் முதல் ஒயரை இழுப்பது நாங்கள்தான். எங்களுக்கு முன்னால் அங்கே யாருமே இருந்திருக்க மாட்டார்கள். இழுத்து, இணைத்து, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வெயிலும் தூசியும் பட்டு, ஏணியில் தொங்கித் தொங்கித் தோள்பட்டை போய்விடும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். போகட்டும். படிவத்தில் கட்டுமானம் என்றுதான் குறி போடப்போகிறேன்.

வாண்டு

மார்ச் 29

என் கண்ணு,

உன் கடிதத்தை மடித்து மடித்து மடிப்பு கிழிந்துவிட்டது. கையை வாயோரம் குவித்துக்கொண்டு கூப்பிடுகிறார் என்று எழுதினாயே, அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

இங்கே உன் அண்ணனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அழுதுவிடுவேனாம், அதனால் அக்கா வீட்டில் எல்லாருக்கும் வாய்ப்பூட்டு. குழந்தைகள்கூடச் சித்தப்பா என்று எடுத்தால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ஒரு மனுஷன் இருந்ததற்கே அடையாளம் இல்லை. அங்கே மட்டும்தான் அவரை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பதிலுக்கு நிற்கவும் செய்கிறார்கள். பதில் வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நிற்கிறார்களே.

சொன்னால் சிரிப்பாய். சாயங்காலம் நீங்கள் இயந்திரத்தைச் சோதிப்பீர்கள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, அந்த நேரத்துக்கு என் தையல் மெஷினை நிறுத்திவிடுகிறேன். காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரம்மா என்னைக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

கட்டடம் கிட்டடம் எல்லாம் வேண்டாம், வாண்டு. கூரைக்குக் கீழே வேலை, மாதமானால் சம்பளம், மழை வந்தால் கவலை இல்லை. இதையெல்லாம் சும்மா சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் காரணம் வேறு. நீ அங்கே இருந்தால் எனக்கு எழுதுவாய். இன்றைக்குக் கூப்பிட்டார்கள், இப்படிக் கூப்பிட்டார்கள் என்று எழுதுவாய். நீயும் போய்விட்டால் அங்கே நடப்பதை எனக்கு யார் சொல்வார்கள்? தொழிற்சாலை என்று குறி போடு.

அண்ணி

ஏப்ரல் 9

அண்ணி,

நேற்று ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். பயிற்சி முடிந்ததும் எனக்கு இங்கேயே நிரந்தர வேலை வாங்கித் தருகிறாராம். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு, மேசையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார். வேலை நிரந்தரமானதும் குட்டை என்று தனியாகக் கூப்பிடுவதை விட்டுவிடலாமாம்.

"நெட்டைன்னே கூப்பிடுறோம், நீ குரல் குடு. அவன் இடத்துக்கு நீதானே வர்ற? எங்களுக்கும் மனசு ஆறும்மா."

எல்லாரும் கலந்து பேசித்தான் முடிவு செய்திருக்கிறார்கள். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கழிப்பறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அவனுக்காக வேறொருவர் குரல் கொடுத்ததால்தானே அண்ணி அவன் செத்தான்? ஒருத்தருக்காக இன்னொருத்தர் குரல் கொடுக்கவே கூடாது என்று அதற்குப் பிறகு இவர்களே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளுக்குக் கீழே நின்றுகொண்டு என்னைக் குரல் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு அண்ணன் வேண்டும், அவனுடைய இடம் வேண்டாம். கட்டடத்தில் கொத்தனாரோடு சண்டை போட்டுக்கொண்டு, அவர் பூசி மூடிவிட்ட என் குழாயைத் தேடிச் சுவரைத் தட்டிக்கொண்டு திரிந்த நாட்களில் நான் சிரித்தேன். இங்கே வந்ததிலிருந்து சிரித்ததாக நினைவில்லை.

நான் கட்டுமானத்துக்குப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாண்டு

ஏப்ரல் 16

கோபித்துக்கொள்ளாதீர்களாம். கோபம் வரும் என்று தெரிந்துதானே எழுதினாய்?

சிரிப்பு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு எத்தனை நாளாகச் சிரிப்பு வரவில்லை என்று உனக்குத் தெரியுமா? நான் யாரிடம் போய் மனு கொடுப்பது? உன் அண்ணன் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தார். ஒயர் சீவக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், நம் வீட்டுச் சமையலறை விளக்கைக் கழற்றி உன்னிடம் கொடுத்து மாட்டச் சொல்லி, நான் இருட்டில் நின்று உங்கள் இரண்டு பேரையும் திட்டியது மறந்துபோயிற்றா? அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்ல உனக்கு வலிக்கிறது.

யோசித்துப் பார். அங்கே தினமும் கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை. கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை. அவரை அப்படியே அந்த உருளைகளுக்கு அடியிலேயே விட்டுவைத்திருக்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. நீ "வெளியே" என்று சொன்னால் அவர் வெளியே வந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன்னைத் தவிர யாரிடம் நான் இதைச் சொல்ல முடியும்?

கட்டடத்துக்குப் போவதானால் போ. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு எழுதாதே.

ஏப்ரல் 22

அண்ணி,

சரி. தொழிற்சாலை என்றே குறி போட்டுவிட்டேன். படிவம் என் பையில் இருக்கிறது, கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் போட்டாயிற்று. ஜூன் மாதத்திலிருந்து அவர்கள் நெட்டை என்று கூப்பிட்டால் நான் குரல் கொடுப்பேன். போதுமா?

அம்மா என்னை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

ஏப்ரல் 28

தங்கமே,

நான் ஒரு ராட்சசி. அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட நிமிஷமே பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துவிடலாமா என்று நின்றேன். ஆனாலும் நீ சரி என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

இத்தோடு ஒரு பொட்டலம் வரும். உன் அண்ணனுடைய வேலைச் சட்டை ஒன்று என்னிடம் இருந்தது, நீல நிறம், பாக்கெட்டில் பேனா மை ஊறினது. அதைப் பிரித்து உன் அளவுக்குக் குட்டையாக்கித் தைத்திருக்கிறேன். தோளைக் குறைத்தேன், நீளத்தைக் குறைத்தேன். கையை மட்டும் அவ்வளவாக வெட்ட மனசு வரவில்லை. மடித்துவிட்டுக்கொள்.

அண்ணி

மே 9

வாண்டு,

பொட்டலம் வந்ததா? அளவு சரியாக இருந்ததா? ஏன் ஒரு வரி இல்லை? கோபமென்றால் திட்டியாவது எழுது. என் அக்காவின் போனிலிருந்து உன் அம்மாவைக் கூப்பிட்டேன். நீ வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாய் என்றும், ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றும் சொன்னார். என்ன நடந்தது? உடனே எழுது.

அண்ணி

மே 13

அண்ணி,

முதலில் ஒன்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் பத்தும் இருக்கிறது, இந்தக் கடிதத்தை என் கையால்தான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

சட்டை வந்த மறுநாளே போட்டுக்கொண்டு போனேன். அதைப் பார்த்ததும் எல்லாருடைய முகமும் மாறிவிட்டது. மீசை பக்கத்தில் வந்து காலரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு மறுமுனையில் உருளை ஒன்று நின்று நின்று சுற்றியது. அதன் அடியில் உள்ள சென்சாரைச் சரிசெய்ய நான் உள்ளே போய்ப் படுத்திருந்தேன். காதில் அடைப்பான் வைத்திருந்தேன். பக்கத்தில் காற்றுக்குழாய் ஒன்று சீறிக்கொண்டிருந்தது. அவர்கள் கூப்பிடத் தொடங்கியது எனக்குக் கேட்கவில்லை. இனி எழுதுவது பிறகு அவர்கள் சொன்னது.

மீசை வெளியே என்றார். பாட்டுக்காரர் வெளியே என்றார். கொஞ்ச நாளாக ஃபோர்மேன் என்னையும் அண்ணனையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துக் கூப்பிடுவார். குட்டை, நெட்டை என்று கூப்பிட்டார். பதில் இல்லை. ஒரு மூச்சு நேரம் நின்றார். தினமும் நிற்பதுபோலவே நின்றார். பிறகு பொத்தானை அமுக்கிவிட்டார்.

அவரைத் திட்டாதீர்கள் அண்ணி. நான் நிறைய யோசித்தேன். பதில் வராவிட்டால் நிறுத்து என்பதுதான் இந்தக் கூப்பிடுதலின் ஒரே பொருள். பதில் வராவிட்டாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஓட்டலாம் என்று இத்தனை நாளாக எல்லாரும் தங்கள் காதைப் பழக்கியிருக்கிறார்கள். அண்ணன்மேல் உள்ள பாசத்தில்தான் பழக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு என் மௌனம் அவனுடைய மௌனத்தோடு கலந்துபோய்விட்டது, அவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

உருளை அசைந்தது. மடித்துவிட்டிருந்த சட்டைக் கையின் மடிப்பைப் பிடித்து உள்ளே இழுத்தது. என் முகம் இரும்பில் போய் மோதியது. கத்தினேனா என்றுகூடத் தெரியவில்லை. இயந்திரம் நின்றுவிட்டது. பாட்டுக்காரர்தான் ஓடிவந்து அவசரக் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று எழுதினேனே, ஒவ்வொரு நாளும் அவர் குரல்களை எண்ணிக்கொண்டுதான் நின்றிருக்கிறார். ஒரு குரல் குறைந்ததை அவர் மட்டும் கேட்டார். என்னை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு அந்த மனுஷர் தரையில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். சட்டையின் வலது கை முழங்கை வரை போய்விட்டது. என் கை போகவில்லை.

இவ்வளவு ஆன பிறகும் அண்ணன் பெயரை விட்டுவிட அவர்களுக்கு மனசு வரவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிடலாம், என்னைத் தனியாகக் கூப்பிடலாம், மணி அடிக்கலாம் என்று ஏதேதோ பேசுகிறார்கள். எனக்குப் பதிலாக நாளை வேறொரு பெண்ணோ பையனோ அந்த உருளைக்கு அடியில் படுக்கத்தான் போகிறார்கள். ஃபோர்மேனிடம் நேராகவே கேட்டேன், ஏன் நிறுத்தக் கூடாது என்று. "அவன் பேரை விட்டுட நாங்க யாரும்மா? அவன் வீட்டுல சொல்லணும்" என்றார். நான் சொன்னால் போதாதா என்றேன். வீடு என்று அவர் சொல்வது உங்களை.

ஒரு வரி எழுதி அனுப்புங்கள், நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அந்த ஒரு வரி உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

படிவத்தைக் கிழித்துவிட்டு வேறு வாங்கினேன். கட்டுமானம் என்று குறி போட்டு, இந்தத் தடவை கையோடு கொடுத்தும் விட்டேன். பயந்து ஓடுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்திலிருந்தே எனக்கு அதுதான் ஆசை, உங்களுக்காகத்தான் மாற்றினேன். இனிமேல் எழுதக் கூடாது என்றால் சொல்லிவிடுங்கள்.

வாண்டு

மே 24

என் வாண்டு,

ஒரு வரி கேட்டாய். தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், வரவில்லை. பேனாவை வைத்துவிட்டுச் சட்டைகளை வெட்டினேன், அளவு தப்பித் தப்பி வெட்டிக் கடைக்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ கூட வந்திருப்பாய், உன்னைப் பார்த்தால் எனக்குக் கால் பின்வாங்கியிருக்கும். நீ அன்றைக்குப் பயிற்சி நிலையத்தில் இருக்கிறாய் என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனேன்.

நான் அந்த இடத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. அவர் இருந்தபோதும் போனதில்லை, அதற்குப் பிறகும் போனதில்லை. வாசலில் நின்று நெட்டை வீட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். ஃபோர்மேன் ஓடிவந்தார். நான் கற்பனை செய்து வைத்திருந்த ஆள் வேறு, இவர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிற ஒரு சாது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்தான் பாட்டுக்காரர் என்று ஃபோர்மேன் சொன்னார். இவனைப் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பல நாளாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். உன் கையைக் காப்பாற்றிய கையல்லவா அது? தண்ணீரைக் குடித்தேன்.

எப்படிக் கூப்பிடுவீர்கள், எனக்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடுங்கள் என்றேன். வேண்டாம்மா என்றார்கள். நான் விடவில்லை. அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். மீசை வெளியே என்றார். பாட்டுக்காரர் வெளியே என்றார். அப்புறம் ஃபோர்மேன், நீ எழுதியபடியே, கையை வாயோரம் குவித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார்.

வாண்டு, அந்த ஒரு மூச்சு நேரம் எவ்வளவு நீளம் என்று நீ எழுதவே இல்லை. நான் அந்த மறுமுனையைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் குனிந்து தலையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார் என்று நான் நம்பினேன். என் உடம்பில் ஒரு மயிர் அசையவில்லை. இப்படியே நின்றுவிடலாம், இந்த மனுஷர்களையும் இப்படியே நிற்கவைத்துவிடலாம், யாரும் எந்தப் பொத்தானையும் அமுக்க வேண்டாம் என்று இருந்தது. அப்புறம் உன் கை ஞாபகம் வந்தது. சட்டைக் கையை வெட்ட மனசில்லாமல் நான் விட்ட அந்தத் துணியும் ஞாபகம் வந்தது.

"அவர் உள்ள இல்ல. வெளியேயும் இல்ல. செத்துப்போயிட்டார்" என்று சொன்னேன்.

இத்தனை நாளில் அந்த வார்த்தையை நான் என் வாயால் சொன்னதே இல்லை. போய்விட்டார் என்பேன், இல்லாமல் போனார் என்பேன். என் குரல் அந்தக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். மீசை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இனிமேல் அவரைக் கூப்பிடாதீர்கள், யார் குரல் வராவிட்டாலும் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள் என்றேன். சரிம்மா என்றார்கள். அதற்குப் பிறகும் எல்லாரும் அசையாமல் நின்றார்கள், யார் முதலில் நகர்வது என்று தெரியாமல்.

நான்தான் சொன்னேன்.

"மெஷினைப் போடுங்க."

போட்டார்கள். அம்மாடி, என்ன சத்தம் அது. தரை முழுக்க ஆடியது, என் பல் வரைக்கும் ஆடியது. இந்தச் சத்தத்தில்தான் அவர் பத்து வருடம் நின்றுவிட்டு வந்து, நான் சமையலறையிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாலும் என்ன என்று கேட்பாரா? வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.

நீ கட்டடத்துக்குப் போ. ஏணியைக் கீழே யாராவது பிடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஏறு. எத்தனையாவது மாடி, கொத்தனார் என்ன சொல்கிறார், உன் குழாயை மறுபடி மூடிவிட்டாரா என்று எழுது. உன் அண்ணனைப் பற்றி எழுத வேண்டாம். உன்னைப் பற்றி எழுது, படிக்கிறேன்.

அண்ணி